சாதி கேக்காத வீட்டுக்காரன்

வாடகைக்கு வீடு தேடிப் போகிற தலித்திடம் 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்காத வீட்டுக்காரன் யார்? இல்லாத வீட்டை வாடகைக்கு விடுகிறவன். செல்போன் திரையில் சமையலறைப் படமும் பால்கனிப் படமும் போட்டு, குறைந்த வாடகை சொல்லி, "இன்னிக்கே டோக்கன் போட்டா வீடு உங்களுக்கு" என்று பேசுகிற மோசடிக்காரன். அவனுக்கு நம்ம ஊரும் வேண்டாம், தெருவும் வேண்டாம், அப்பன் பெயரும் வேண்டாம். காசு வந்தால் போதும்.

இந்தக் கேவலத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. இணைய மோசடி பற்றி எழுதுகிற பெரும் பத்திரிகைகள் 'மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்' என்று முடித்துக்கொள்கின்றன. வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது. போலீஸ் கல்லூரியில் கூட்டம் போடுகிறது. எல்லாம் சரி. ஒரு ஆள் ஏன் பார்க்காத வீட்டுக்காக, பார்க்காத மனுசனுக்குப் பணம் அனுப்புகிறான் என்கிற கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சாதியில் போய் முட்டும். அதனால் கேட்பதில்லை.

திருவட்டாறிலிருந்து பார்ப்போம். சென்னைக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் போனாலும் ஒரு முழு ராத்திரிப் பயணம். பால்வெட்டுக்குப் போயும், முந்திரி ஆலையில் கை புண்ணாகியும், கொத்து வேலைக்குச் சுமந்தும் அப்பனும் ஆத்தாளும் படிக்க வைத்த பிள்ளைகள் இந்த ஊர்களுக்குத்தான் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போகிறார்கள். வேலைக் கடிதம் வியாழக்கிழமை வரும். திங்கள்கிழமை சேர வேண்டும். அங்கே மாமன் வீடு கிடையாது, சித்தப்பன் வீடு கிடையாது. ஊர்க்காரன், சாதிக்காரன், சங்கத்து விடுதி என்று ஆதிக்க சாதிக்காரனுக்கு இருக்கிற நூறு கதவில் ஒன்றுகூட நமக்கு இல்லை. கையில் இருப்பது ஒரு செல்போன். அதில் வாடகை வீட்டு ஆப் ஒன்று.

அந்த ஆப்பில் நிஜமான வீட்டுக்காரனைக் கூப்பிட்டால் என்ன நடக்கிறது என்று நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

"எந்த ஊரு தம்பி?"

"கன்யாகுமரி மாவட்டம், திருவட்டாறு."

"ஓ, பெருமாள் கோயில் இருக்கே. அங்க எந்தப் பக்கம்?"

பக்கத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி சாப்பாடு. "நாங்க சுத்த சைவம், நீங்க எப்படி?" பெயர் கிறிஸ்தவப் பெயராக இருந்தால் "எந்தச் சபை, எந்த ஊர்ச் சர்ச்?" குமரி மாவட்டத்தைத் தெரிந்தவனுக்கு அதிலேயே பாதிச் சாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு "ஆதார் அனுப்புங்க". ஆதாரில் முகவரி, முகவரியில் 'காலனி'. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிடப் போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. நல்லது. ஆனால் சொல்லை எடுத்தாலும் தெருவைத் தெரிந்தவன் தெரிந்துகொள்வான். அரைமணி நேரம் கழித்துப் பதில் வரும்: "சாரி தம்பி, வீடு போயிருச்சு. நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம்."

மறுநாளும் அந்த விளம்பரம் அங்கேயே நிற்கும். அடுத்த வாரமும் நிற்கும்.

தோழர்களே, முதல் போலி விளம்பரம் இதுதான். எல்லோருக்கும் காட்டி, சிலருக்கு மட்டும் கொடுக்கிற வீடு. மோசடிக்காரன் போடுவது இரண்டாவது போலி. முதலாமவன் இருக்கிற வீட்டை இல்லை என்கிறான். இரண்டாமவன் இல்லாத வீட்டை இருக்கு என்கிறான். நம்ம பிள்ளை இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவில் நிற்கிறான். நாலு நாள், நாற்பது அழைப்பு, நாற்பது 'சாரி'. ஐந்தாவது நாள் ஒருத்தன் ஒரு கேள்வியும் கேட்காமல் "வாங்க தம்பி" என்கிறான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணம் போகிறது.

*

நாம் சொன்னால் 'எதற்கெடுத்தாலும் சாதியா?' என்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் செய்து பார்த்ததைச் சொல்வோம். சுக்தேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லி சுற்றுவட்டார நகரங்களில், ஒரே மாதிரி படிப்பும் வேலையும் உள்ளவர்களாக, உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் ஆட்களை வைத்து வாடகை வீடு கேட்க வைத்தார்கள். முடிவு 2015 இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. உயர்சாதிப் பெயருக்குத் தொலைபேசியில் கிட்டத்தட்ட மறுப்பே இல்லை. தலித்துக்கும் முஸ்லிமுக்கும் நேரடியான மறுப்பு, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே நிறம். ஏர்பிஎன்பி தளத்தில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒரே மாதிரிக் கணக்குகளில் பெயரை மட்டும் மாற்றி அறை கேட்டார்கள். கறுப்பினப் பெயர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர் பெயர்களைவிடச் சுமார் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. 2016 இல் அங்கே கறுப்பின மக்கள் தங்கள் அனுபவங்களைக் கொட்டித் தீர்த்தார்கள். அந்த நிறுவனம் விதிகளை மாற்ற வேண்டி வந்தது. இங்கே நம்ம தளங்கள் சிலவற்றில் 'அசைவம் அனுமதி உண்டா, இல்லையா' என்று ஒரு கட்டமே இருக்கிறது. வீட்டுக்காரன் அதில் ஒரு தட்டு தட்டினால் போதும். சாதி என்ற சொல்லை வாயால் சொல்லாமலே சாதி பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் 'தள்ளி நில்லு' என்று கத்த வேண்டியிருந்தது. இப்போது கத்தவும் வேண்டாம்.

*

இனி, திருடன் வேலை பார்க்கும் விதம். இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ராணுவ வேடம். "நான் ஆர்மியில் இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்பர். வீட்டைக் காட்ட முடியாது. சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு." சீருடைப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் வரும். அதெல்லாம் வேறு யாரிடமோ திருடியது. சீருடையைக் கண்டால் இந்த நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். பிறகு "முதல்ல அஞ்சு ரூபா போடுங்க, பத்தா திருப்பி அனுப்புறேன்" என்பான். அனுப்பவும் செய்வான். நம்பிக்கை வந்ததும் ஒரு க்யூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் அடிச்சா உங்க டெபாசிட் உங்களுக்கே திரும்பி வரும்." மனதில் எழுதி வையுங்கள்: யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் அடித்தால் பணம் போகும். அவ்வளவுதான்.

இரண்டு, வாசல் காசு. வீட்டைப் பார்க்க 'கேட் பாஸ்' கட்டணம், 'விசிட்டிங் கார்டு' கட்டணம். திருப்பித் தருவோம் என்பான். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. தொகை சின்னதாக இருப்பதால் பல பேர் புகார் கொடுக்கப் போவதில்லை. அதுதான் அவன் கணக்கு.

மூன்று, திருட்டுக் கணக்கு. இது கொஞ்சம் நுட்பமானது. நிஜமான வீட்டுக்காரன் ஒருத்தன் நாலைந்து வருசமாகத் தளத்தில் வைத்திருக்கும் கணக்கு. நல்ல பெயர், பழைய படங்கள், 'சரிபார்க்கப்பட்டது' என்ற குறி எல்லாம் உண்டு. அவனைக் கூப்பிட்டு, "உங்க விளம்பரம் காலாவதியாகுது, இப்ப வந்த ஓடிபியச் சொல்லுங்க" என்று ஆறு இலக்கத்தை வாங்கிவிடுவான். கணக்கு அவன் கைக்கு வந்துவிடும். தொலைபேசி எண்ணை மாற்றுவான், வாடகையைக் குறைப்பான், வலையை விரிப்பான். 'பழைய கணக்கா பாருங்க, மதிப்புரை பாருங்க' என்று சொல்லித் தருகிற விழிப்புணர்வுப் பாடம் இங்கே பல்லிளித்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவன்தான் வேறு.

நான்கு, நம்ம பெயர். "அக்ரிமெண்டுக்கு ஆதார், பான், போட்டோ அனுப்புங்க" என்பான். அனுப்பிய பிறகு பணம் மட்டும் போகவில்லை. அந்தக் காகிதங்களை வைத்து அவன் அடுத்த ஆளிடம் 'நான்தான் வீட்டுக்காரன்' என்பான். நிஜமான வீட்டுக்காரனுக்கு நம்ம பெயர் ஆகாது. திருடனுக்கு நம்ம பெயர் ஆகும்.

*

"படிச்ச பயலுக்கு இது தெரிய வேண்டாமா?" என்று ஊரில் பெரியவர்கள் கேட்கிறார்கள். "நேரில் பார்க்காமல் ஏன் பணம் கொடுத்தாய்?" என்று போலீஸ் கேட்கிறது. நேரில் பார்ப்பது யாருக்கு முடியும்? சென்னைக்குப் போக வரச் செலவு, இரண்டு நாள் கூலி, தங்க ஒரு இடம். இதெல்லாம் ஆகும் என்று போனாலும், நேரில் போனால் மூஞ்சியைப் பார்த்துக் கேள்வி கூடும். நேரில் போய்ப் பட்ட அவமானத்துக்குப் பயந்துதான் திரை வழியாகத் தேடுகிறோம். அந்த அவமானத்தைத் தந்த சமூகமே திரும்பி வந்து 'நேரில் பார்' என்று புத்தி சொல்கிறது.

'திருடனுக்குச் சாதி ஏது? மயிலாப்பூர்ப் பையனும்தான் ஏமாறுகிறான்' என்று இன்னொரு வாதம் வரும். ஏமாறுகிறான், உண்மை. ஆனால் அவன் பணம் போனால் அன்றைக்கு ராத்திரி பெரியப்பா வீட்டில் படுத்துக்கொள்வான். இரண்டு நாளில் வேறு வீடு கிடைக்கும். நம்ம பிள்ளைக்குப் போவது அம்மாவின் கம்மல் அடகுப் பணம், மகளிர் குழுவில் எடுத்த கடன். பணத்தோடு சேரும் தேதியும் போகும், வேலையும் போகும். இரண்டு பேருக்கும் நடந்த குற்றம் ஒன்று. விழுகிற பள்ளம் ஒன்றில்லை. வலையில் எல்லா மீனும்தான் மாட்டும். ஆனால் எந்த மீனை மற்ற எல்லாத் துறையிலிருந்தும் விரட்டி இந்த வலைப் பக்கம் ஓட்டிவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் அரசியல்.

*

ஒரு வாடகை அறைக்காக வேறொரு பெயரில் தங்க வேண்டி வந்த ஒரு மனிதரை நினைவுபடுத்துகிறேன். 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்கு வந்தவர். அம்பேத்கர். இந்து விடுதிக்குப் போனால் சாதி கேட்பார்கள் என்று பார்சி விடுதிக்குப் போனார். அது பார்சிகளுக்கு மட்டும். விடுதியைப் பார்த்துக்கொண்டவருக்கோ விருந்தாளியே இல்லை, வருமானம் வேண்டும். ஏட்டில் ஒரு பார்சிப் பெயர் எழுதப்பட்டது, நாளைக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி அறை தரப்பட்டது. பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் தடிகளோடு மாடியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் வெளியே போ என்றார்கள். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் இடம் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் ஆப்பில் பெயரைச் சுருக்குகிறார்கள், அப்பா பெயரை விடுகிறார்கள், ஊரைச் சொல்லாமல் 'நாகர்கோவில் பக்கம்' என்கிறார்கள். நாம் தலைக்கு மேல் கூரை வேண்டிப் பெயரை மறைக்கிறோம். திருடன் காசுக்காக அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். ஆனால் 'பெயரை மாற்றிச் சொல்லி ஏமாத்தப் பாத்தான்' என்கிற பழி பெரும்பாலும் விழுவது யார் மேல்? வாடகைக்கு வந்த பிறகு சாதி தெரிந்த வீட்டுக்காரன் அந்தச் சொல்லைத்தான் நம்ம மேல் வீசுகிறான்.

*

சட்டம் என்ன சொல்கிறது? அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன் 66சி பிரிவின்படி குற்றம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பழைய 420 ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகியிருக்கிறது. இரண்டாவது போலிக்குச் சட்டம் இருக்கிறது, நல்லது.

முதல் போலிக்கு? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்றெல்லாம் பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4 ஆம் பிரிவில், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்தால் குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. எத்தனை வழக்கறிஞர்கள் இதை எடுத்துப் பேசுகிறார்கள்? தண்டனை 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். ஒரு நாள் டோக்கன் காசுகூட இல்லை. அதற்கும் 'தீண்டாமையால்தான் மறுத்தான்' என்று நாம் நிரூபிக்க வேண்டும். 'வீடு போயிருச்சு' என்கிற சொல்லில் தீண்டாமை எங்கே இருக்கிறது என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். 2005 இல் உச்சநீதிமன்றம், ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1917 இன் தடி சட்டப் புத்தகத்துக்குள் போய்விட்டது. 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2021 இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் இல்லை.

குமரி மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. நம்மில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத்துக்குப் போன தலித்தைப் பட்டியல் சாதியாக ஒத்துக்கொள்ளவில்லை. சீக்கியரை 1956 இலும், பௌத்தரை 1990 இலும் சேர்த்தார்கள். 2022 இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அரசுக்கு நாம் கிறிஸ்தவன், வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. வீட்டுக்காரனுக்கோ 'எந்தச் சர்ச்' என்று கேட்ட உடனே நாம் யார் என்று தெரியும். அரசாங்கத்தைவிட வீட்டுக்காரன் கெட்டிக்காரன்!

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்தானது. இனம் பார்த்து வீடு மறுப்பது மட்டுமில்லை, இனம் பார்க்கிற விளம்பரமே அங்கே சட்டவிரோதம். ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரங்களை இனம் பார்த்து ஆட்களுக்குக் காட்டாமல் மறைக்க வழி இருந்ததற்காக 2019 இல் அந்நாட்டு அரசே அந்த நிறுவனத்தின் மேல் குற்றம் சாட்டியது. 2022 இல் அது தன் விளம்பர முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது அதில் வீட்டுவசதியையும் சேர்த்தது. கடல் கடந்து போன சாதிக்கு அங்கே சட்டம் வந்துவிட்டது. அது பிறந்த ஊரில் வரவில்லை.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசல் நமக்குச் சட்டப்படி திறந்தது அதற்குப் பிறகுதான். கோயிலுக்குள் விட்டார்கள். வீட்டு நுழைவுப் பிரகடனம் எப்போது?

*

அடுத்து, தளங்களை நடத்துகிற கம்பெனிகள். "நாங்க வெறும் சுவர்தான். எவனோ வந்து போஸ்டர் ஒட்டினா நாங்க என்ன செய்ய?" என்பது அவர்கள் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. சரி, சுவர் என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சுவர் காசு வாங்குகிறது? வீட்டுக்காரன் எண்ணைப் பார்க்க ஒரு தொகை, விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்ட ஒரு தொகை. ஒரே சமையலறைப் படம் நாலு ஊரில் நாலு வீட்டுக்கு வருவதைக் கண்டுபிடிக்க அவர்களுடைய கணினிக்குத் தெரியாதா? நாம் எதை வாங்குவோம் என்று கண்டுபிடிக்கத் தெரிகிற கணினிக்கு? ஒரு கணக்கின் தொலைபேசி எண்ணும் வங்கி எண்ணும் ஒரே நாளில் மாறினால் நிறுத்தி விசாரிக்க முடியாதா? முடியும். செலவு பிடிக்கும். அந்தச் செலவை நம்ம தலையில் கட்டி, 'விழிப்புணர்வு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புகார் சொன்னால் இயந்திரம் பதில் சொல்கிறது: 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

*

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மோசடிப் பணம் காற்றில் போவதில்லை. ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் திருடனுடையது இல்லை. வேலையில்லாத ஒரு ஏழைப் பையனுடையது. "கணக்கு ஒண்ணு தொறந்து, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, அஞ்சாயிரம் தாறேன்" என்று வருகிறார்கள். வங்கிக்காரர்கள் இதை 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிற மிருகம். போலீஸ் முதலில் வந்து பிடிப்பது கழுதையைத்தான். மூட்டைக்குச் சொந்தக்காரன் எங்கேயோ இருப்பான்.

இந்தக் கேரளக்கரை மனிதர்களையே வாடகைக்கு விட்ட கரை. அடிமைகளை ஜென்மம் என்று விற்றார்கள், காணம் என்று அடகு வைத்தார்கள், பாட்டம் என்று வாடகைக்கு விட்டார்கள். 1800 வாக்கில் மலபாரைச் சுற்றிவந்த புக்கானன் இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கிறார். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனம் 1855 இல்தான் வந்தது. பாட்டம் விடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இப்போது பெயரையும் கணக்கையும் பாட்டத்துக்குக் கேட்கிறார்கள். வேலை என்று நம்பி வெளிநாடு போய், மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022 இல் மீட்கப்பட்டு வந்தார்கள். வலையின் அந்தப் பக்கமும் ஏழையைத்தான் உட்கார வைக்கிறார்கள். கணக்கை விற்காதீர்கள். அஞ்சாயிரத்துக்குக் கொடுத்த கார்டு நம்ம இனத்துப் பிள்ளை ஒருத்தனின் அட்வான்ஸை விழுங்கும்.

*

இனி செய்ய வேண்டியது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். அந்த வெட்கத்தை நம்பித்தான் அவன் பிழைக்கிறான். உடனே 1930 எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு. மணிக்கணக்கில் தாமதித்தால் போச்சு. வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். பேசிய உரையாடல், விளம்பரம், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். 'சம்பவம் சென்னையில் நடந்தது, அங்கே போ' என்று திருவட்டாறிலோ நாகர்கோவிலிலோ போலீஸ் விரட்டினால், குற்றம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173 ஆம் பிரிவைக் காட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேர் சேர்ந்து போங்கள்.

தளத்துக்குக் காசு கட்டியிருந்தால் நாம் நுகர்வோர். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நாகர்கோவிலுக்கு வரட்டும்.

கணக்கைப் பறிகொடுத்தவர்கள் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்புப் போட்டு, தொடர்பில் இருந்த எல்லோருக்கும் 'அது நான் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். ஆதார் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அது இலவசமாகவே கிடைக்கிறது.

இதெல்லாம் முதலுதவி. நோய்க்கு மருந்து வேறு. சாதி, மதம், உணவு பார்த்து வாடகை வீடு மறுப்பதையும், அப்படி விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கிச் சட்டமன்றத்தில் சட்டம் வர வேண்டும். தளங்களில் 'அசைவம் உண்டா' கட்டம் போக வேண்டும். வீட்டுக்காரன் யார் என்று சரிபார்க்காமல் விளம்பரம் போட்டு, அதனால் பணம் போனால் தளம் பொறுப்பேற்க வேண்டும். சென்னை, கோவை போன்ற ஊர்களில், படிப்பு முடித்து வேலைக்கு வரும் தலித் இளைஞருக்கும் பெண்களுக்கும் முதல் ஆறு மாதம் தங்க அரசு விடுதி வேண்டும். இந்த நாலையும் தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருத்தனிடமும் கேளுங்கள்.

அதுவரைக்கும் நம்ம கையில் இருப்பதைச் செய்வோம். ஏற்கெனவே சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள், பேட்டைக்கு இரண்டு பேர், வீடு பார்க்கும் குழுவாகச் சேருங்கள். புதுசாக வருகிறவனுக்குப் பதில் நீங்கள் நேரில் போய் வீட்டைப் பாருங்கள், சாவி யார் கையில் என்று பாருங்கள். முதல் வாரம் அவனுக்கு ஒரு பாய் போடுங்கள். சாதி கேட்டு மறுத்த வீட்டின் விளம்பரத்தைப் படம் பிடித்து, தேதி போட்டு, அழைப்பு விவரத்தோடு சேர்த்து வையுங்கள்; நாளைக்கு அது சாட்சி. திருவட்டாறிலும் குலசேகரத்திலும் அருமனையிலும் மாலை வகுப்பு நடக்கிற இடங்களில் எல்லாம் 1930 என்று சுவரில் பெரிதாக எழுதுங்கள். அந்தச் சுவராவது காசு வாங்காத சுவராக இருக்கட்டும்.